தவிட்டுக்கு வாங்கிய பேத்தி

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் நாற்பத்தாறு வயதில் பாட்டியாகிவிட்டேன். நடுப்படியை மிதிக்காமல் மேல்படியில் போய் நின்ற கதை இது. நானாக ஏறினேன் என்றும் சொல்ல முடியாது. யாரோ தூக்கி நிறுத்தினார்கள், பிறகு இறங்கச் சொன்னபோது நான் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தூரில் எங்களுக்கு மாட்டுத் தீவனக் கடை. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளக் குருணை. அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவர் தொடங்கிய கடை. அவர் நோயில் படுத்தபோது கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லாவில் உட்கார்ந்தேன். தம்பி வேலைக்கென்று பெங்களூர் போய்விட்டான், நைனா போய்ச் சேர்ந்துவிட்டார், நான் கல்லாவிலேயே இருந்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு வீட்டார் கடையையும் சேர்த்துக் கேட்டார்கள். இன்னொரு வீட்டார் கடையை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். எடையில் யாரையும் ஏமாற்றமாட்டேன், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று தெருவில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் கெடுத்துக்கொண்டதில்லை.

குழந்தைகள் என்றால் எனக்கு உயிர் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கடைக்கு வரும் பெண்கள் இடுப்புப் பிள்ளையை இறக்கித் தவிட்டு மூட்டைமேல் உட்காரவைத்தால், நான் பிள்ளையைப் பார்க்கமாட்டேன், மூட்டையைத்தான் பார்ப்பேன். நனைந்துவிட்டால் யார் வாங்குவார்கள்?

கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையல்கட்டுமாக ஒரு போர்ஷன் உண்டு. அதில் ஒரு இளம் ஜோடி வாடகைக்கு இருந்தார்கள். பையன் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் மிஷின் ஆபரேட்டர், சொந்த ஊர் நகரிப் பக்கம், விவசாயக் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு வயது. சின்ன வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்து ஹாஸ்டலில் வளர்ந்தவள், கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு எங்கோ இருக்கிறார். அவர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அவள் துணி காயப்போட மாடிக்கு வந்தால் ஒரே ஒரு புடவையை உலர்த்த அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள், அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

போன கார்த்திகையில் இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்வீடு இல்லாததால் பிரசவம் பார்க்க மாமியார்தான் ஊரிலிருந்து வந்தார். அறுபது வயதிருக்கும். வயலில் நின்று ஆட்களை விரட்டிப் பழகிய குரல். வந்த அன்றே என் கடைத் தராசை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்றார். தராசு சாயவில்லை, தரைதான் சாய்ந்திருக்கிறது என்றேன். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு மரியாதையான பகை.

மார்கழி வந்தது. எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் ஒரு பசு இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு ஒரு சட்டி தவிடு கொடுப்பது நைனா காலத்து வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை காலையில் லோடு வருகிறது என்று டிரைவர் போன் பண்ணியிருந்தார். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். பனி கொட்டியது. தலையையும் காதையும் சேர்த்துச் சால்வையால் மூடிக்கொண்டு, கையில் தவிட்டுச் சட்டியோடு கோயிலின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன்.

அப்போது எங்கள் குடித்தனக்காரப் பையன் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, கையில் ஒரு புது முறத்தை ஏந்திக்கொண்டு, விறுவிறுவென்று நேராக என்னிடம் வந்தான். முறத்தை நீட்டினான். ஏதோ காய்கறி என்று நினைத்தேன். காய்கறி கொட்டாவி விட்டது.

நான் என்ன செய்வேன்? அவன் முறத்தை விட்டுவிடுவான் போல இருந்தது. எனக்கு இருப்பது இரண்டு கை, அதில் சட்டி இருந்தது. சட்டியை அவன் கையில் திணித்துவிட்டு முறத்தை வாங்கிக்கொண்டேன். அவன் சட்டியோடு திரும்பி நடந்தான். கூப்பிட்டேன், நிற்கவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன், ஓடினான்.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, கோயில் வாசலில், ஒரு கைக்குழந்தையோடு நான் மட்டும் நின்றேன். குழந்தை என்னைப் பார்த்தது. எனக்கு எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் தெருவில் பூ விற்கும் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் கையில் ஒரு பாலிதீன் கவரில் தவிடு. அதுவும் முந்தின நாள் என் கடையில் வாங்கியதுதான். மாடில்லாத வீட்டுக்குத் தவிடு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போச்சு. நீயா வாங்கிட்ட?" என்றார்.

விஷயத்தை அவர்தான் சொன்னார். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நம் வீடுகளில் பிள்ளைகள் அடம்பிடித்தால் உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று கேலி செய்வோமே, அதை அவர்கள் நிஜமாகவே செய்வார்கள். பொழுது விடியுமுன் கோயில் வாசலில் வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். அதன் பிறகு அது அவள் பிள்ளை, பெற்றவர்கள் வெறுமனே வளர்த்துக் கொடுப்பவர்கள். எந்தக் கண் முதல் பிள்ளையைக் கொண்டுபோனதோ, அந்தக் கண் இந்த வீட்டைத் தேடி வந்தால் இங்கே இவர்கள் பிள்ளை என்று எதுவும் இருக்காது. வாங்குபவள் நிறையப் பெற்று, ஒன்றையும் இழக்காதவளாக இருக்க வேண்டும். பூக்கார அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் கல்லுக்குண்டு. மாமியார் விசாரித்து விசாரித்து அவரைப் பிடித்திருந்தார். மகனிடம், வாசலில் ஒரு பொம்பளை தவிட்டோடு நிற்பாள், முகத்தைப் பார்க்காதே, பேசாதே, தவிட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பையன் அம்மா சொல்லைத் தட்டாதவன். பூக்கார அம்மாவுக்கு அன்றைக்கென்று பால்காரர் தாமதம், காபி தாமதம்.

நாங்கள் இரண்டு பேருமாகக் குழந்தையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாமியார் வாசலில் நின்றிருந்தார். நான் சால்வையை விலக்கியதும் என் முகத்தைப் பார்த்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெத்து வளத்த கையா இருக்கணும்னு ஊரெல்லாம் அலைஞ்சு ஏற்பாடு பண்ணிக்கினு இருந்தேன்," என்றார். "கடசில உன் கையிலயா வந்து வுழணும்?"

எனக்குச் சுருக்கென்றது. பெறாத கை என்றால் அவ்வளவு மட்டமா? எத்தனையோ மாட்டுக்குப் பிரசவம் பார்த்த கை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லியும் விட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. விற்ற பிள்ளையை வாங்கியவள் வெயில் படுமுன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், பாதியில் விட்டால் பிள்ளை யாருக்கும் இல்லாமல் போய்விடுமாம். அது எல்லாவற்றையும்விட மோசம். அதனால் வேறு வழியில்லாமல் அவரே எனக்கு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். நான் முறத்தை நீட்டி, இது என் பிள்ளை, நீங்கள் வளர்த்துக் கொடுங்கள் என்றேன்.

ஒரு வரிதான். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரம் பேசுகிறேன், நாக்கு பிசகியதில்லை. அந்த ஒரு வரியில் 'என் பிள்ளை' என்கிற இடத்தில் நாக்கு தடுக்கியது. பனி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாமியார் அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். பதினோராம் மாதம் திருப்பதியில் காது குத்துவோம், அதற்கு முன் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை என்னிடமிருந்து மீட்டு, முறைப்படி பூக்கார அம்மாவுக்கு விற்றுவிடுவோம். ஒரே ஒரு நிபந்தனை, நான் மனசாரத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தால் செல்லாது. எனக்கென்ன, இப்போதே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். லோடு வேறு வந்து நின்றிருந்தது.

முறைப்படி பார்த்தால் வாங்கியவள் அம்மா. ஆனால் பெற்றவள் எனக்கு மகள் வயசு. அதனால் தெருவே கூடி என்னைப் பாட்டியாக்கிவிட்டது, எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆயா. தலைக்கு மை போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போகிறவளை ஆயா என்றால் எப்படி இருக்கும்? முதல் தடவை பூக்கார அம்மா, "ஆயாகிட்ட போ" என்று குழந்தையை என் மடியில் போட்டபோது, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். தீவனம் வாங்க வரும் விவசாயிகளுக்கும் செய்தி போய்விட்டது. பேத்தி எப்படி இருக்கிறாள் என்று தெலுங்கில் விசாரித்துவிட்டுத்தான் புண்ணாக்கு விலையைக் கேட்பார்கள். நலம் என்று சொன்னால், அந்தச் சந்தோஷத்தில் விலையைக் குறைக்கலாமே என்பார்கள். நான் ஆயா ஆனேனே தவிர அசடு ஆகவில்லை.

முதல் ஒன்றிரண்டு வாரம் அந்தப் பெண்தான் குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவாள். பிறகு நானே ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு பின்கட்டுக்குப் போக ஆரம்பித்தேன். தண்ணீர் வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா, குழாய் சொட்டுகிறதா. வாடகைக்கு விட்ட இத்தனை வருஷத்தில் அந்தக் குழாயை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்தது. "குழாய் நல்லாத்தான் இருக்குது அக்கா. புள்ள முழிச்சிக்கினுதான் இருக்கா, வாங்க," என்பாள்.

பிள்ளைக்கு எடை ஏறுகிறதா என்று எனக்கு ஒரே கவலை. கவலைப்பட்டு என்ன, கையில் தராசு இருக்கிறதே. மாமியார் மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து, எலக்ட்ரானிக் தராசின் மேல் துண்டை விரித்துக் குழந்தையைப் படுக்கவைப்பேன். பச்சை எழுத்தில் நம்பர் ஓடி நிற்கும். அவளுக்கு அந்த நம்பரைப் பார்ப்பதில் ஒரு குஷி, காலை உதைத்து அதை நிற்கவிடமாட்டாள். ஒரு நாள் மாமியார் பார்த்துவிட்டார். பச்சைப் பிள்ளையை மூட்டை மாதிரி எடை போடுகிறாயே, கண் பட்டுவிடாதா என்று கத்திய கத்தில், பருத்திக்கொட்டை வாங்க வந்தவர் வாங்காமலே போய்விட்டார். அடுத்த வாரம் அதே மாமியார் கடைக்கு வந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். ஏறியிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். ஏறியிருக்கிறது என்றேன். தரை சாய்ந்திருப்பதைக் கழித்துவிட்டா சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எனக்குப் புத்தி சொன்னவர்களும் உண்டு. தானே வளர எனக்கு எந்தப் பிள்ளை இருக்கிறது? இதை ஊட்டினால் இதுதான் வளரும். அது எனக்குப் போதுமாக இருந்தது. எட்டு மாதம் ஆனபோது அவள் தவழ்ந்து கடைக்குள் வந்து, தவிட்டு மூட்டையைப் பிடித்து எழுந்து நின்று, அதையே நனைத்தும் வைத்தாள். நான் மூட்டையைப் பார்க்கவில்லை. இது எப்போது நடந்தது, எந்த நாளில் மாறினேன் என்று எனக்கே தெரியாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பேனாம், லோடு இறக்குபவர் சொன்னார்.

அதற்கு முன்பு, வைகாசியில் மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது. பையனுக்கு ஃபேக்டரியில் இரண்டு ஷிஃப்ட். மாமியார் நெல் அறுப்பு பார்க்க ஊருக்குப் போயிருந்தார். ஒரு காலை அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். தொட்டுப் பார்த்தேன், அனலாகக் கொதித்தது. உள்ளூர் டாக்டர் திருப்பதிக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது என்றார். நைனா போன நாளுக்குப் பிறகு முதல்முறையாக வேலை நாளில் ஷட்டரை இறக்கினேன். வாடகைக் கார் பிடித்துப் போனோம். வழியெல்லாம் அந்தப் பெண் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கண்ணில் முதல் குழந்தை இருந்தது எனக்குத் தெரிந்தது. நான்தான் டிரைவரைத் திட்டிக்கொண்டே போனேன். மெதுவாகப் போனால் மெதுவாகப் போகிறாய் என்று திட்டினேன், வேகமாகப் போனால் வேகமாகப் போகிறாய் என்று திட்டினேன். பயத்தில் எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா குழந்தையைத் தட்டிக்கொடுத்து, நல்ல கெட்டிப் பிள்ளை என்றார். ஆனால் ஊரிலிருந்து ஓடிவந்த மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் ஒன்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

"கடக்காரம்மா, நீ நல்லவதான். உன்ன நான் குத்தம் சொல்லல. ஆனா ராசின்னு ஒண்ணு கீது. ஒண்ண மண்ணுல வெச்சிட்டு வந்திருக்கேன், எனக்கு பயமா கீது."

நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அன்றிலிருந்து அந்த வார்த்தை என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் கையைப் பார்த்துக்கொண்டேன். ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால்? என் ஆசைக்காக அவளைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறேனா? கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்று முடிவு செய்தேன். கொடுத்தாலும் பின்கட்டில்தானே இருக்கப்போகிறாள், தினமும் பார்க்கலாம். ஆனால் அது பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பது. ஆயா என்கிற உரிமையோடு பார்ப்பது வேறு. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐப்பசியில் நாள் குறித்தார்கள். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எல்லோருமாக பஸ்ஸில் போனோம். பையன், அந்தப் பெண், மாமியார், மஞ்சள் புடவையில் பூக்கார அம்மா, நான். பூக்கார அம்மா ஜன்னல் ஓரம் பிடித்து, திருப்பதியில் எந்த ஹோட்டலில் சாப்பாடு என்று காணிப்பாக்கம் கைகாட்டி தாண்டுவதற்குள் விசாரித்துவிட்டார். பிள்ளை வழி முழுக்க என் மடியில்தான். அந்தப் பெண் பாதி வழியில் என் காதருகே குனிந்து, மனசாரக் கொடுத்துவிடுவீர்களா அக்கா என்று கேட்டாள். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் அல்லவா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரிய கோயில் குளத்தங்கரையில் ஓர் ஓரமாக நின்றோம். மாமியார் ஒரு துணிமுடிச்சை அவிழ்த்தார். அவர்கள் ஊர் மில்லில் அரைத்த தவிடு, என் கடைத் தவிடு இல்லை. அதைப் புது முறத்தில் கொட்டி என் முன்னால் நீட்டினார். பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தவிட்டை வாங்கிக்கொண்டு, வாங்கியதை மனசாரத் திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

"வாங்கினத" என்று ஆரம்பித்தேன். அடுத்தது வரவில்லை. பிள்ளை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குளத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அந்த இடத்தில் நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் பேரம் பேசிப் பிழைத்தவள், எல்லோர் முன்னாலும் ஊமை மாதிரி நின்றேன்.

"பெரிம்மா," என்றேன். "மனசாரன்னு சொல்ல முடியல. மனசு இல்லாம சொன்னா அது பொய். பொய் சொல்லிக் குடுத்தா புள்ளைக்கு ஆகாது. நான் குடுக்கல."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குள் அந்தப் பெண், மாமியார் முன்னால் குரலே உயர்த்தாதவள், முன்னால் வந்து நின்றாள். "எனக்கும் அதான் வேணும் அத்த," என்றாள். உடனே அழுதும் விட்டாள். பையன் போனை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தான்.

மாமியார் முறத்தைப் பிடித்தபடியே நின்றார். பிள்ளையைப் பார்த்தார். அவள் கொழுகொழுவென்று இருந்த காலைப் பார்த்தார். அவர் வாய்க்குள்ளேயே எதையோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது.

"மொதலுது நல்ல கையில, நல்ல நாள்ல, எல்லாம் பாத்துப் பாத்துதான் செஞ்சோம். தங்கல," என்றார் கடைசியில். "இது தப்பான கையில போச்சு. தங்கி நிக்குது. அப்புறம் எது நல்ல கைன்னு நான் எத்த வெச்சு சொல்றது?"

அவ்வளவுதான். குளத்தங்கரையில் திரிந்துகொண்டிருந்த ஒரு மாட்டைக் கூப்பிட்டு, முறத்தை அதன் முன்னால் கவிழ்த்தார். நல்ல தவிடு, மாடு ஒரு நொடியில் நக்கித் தீர்த்தது. அப்படியென்றால் நான் எதற்கு வந்தேன் என்று பூக்கார அம்மா கேட்டார். சாப்பாட்டுக்கு என்று மாமியார் சொன்னார். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

அங்கிருந்து ஆசாரி கடைக்குப் போனோம். சின்னக் கடை, கால் நீட்ட இடமில்லை. வயசான ஆசாரி ஊசியையும் பொட்டுத் தோட்டையும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, தாய்மாமன் மடி எது என்று தெலுங்கில் கேட்டார். பஸ், தவிடு, விற்பனை, மீட்பு என்று அலைந்ததில் மடியை எல்லோருமே மறந்துபோயிருந்தோம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாமன் இல்லையென்றால் தாய்வீட்டு ஆள் யாராவது இருப்பார்களே, அவர்களை உட்காரச் சொல்லுங்கள் என்றார் ஆசாரி. அவளுக்குத் தாய்வீடு என்று யாரும் இல்லை என்பதை அந்த மனிதர் எப்படி அறிவார்? நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தேன்.

மாமியார் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"இவங்கதான் எங்க சம்மந்தி," என்றார் ஆசாரியிடம். "எம் மருமவளோட தாய்வூடு. இவங்க மடியில வெச்சு குத்துங்க."

நாற்பத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமே ஆகாதவளை யார் சம்மந்தி என்று கூப்பிடுவார்கள்? பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் வந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்து, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆசாரியின் கை சட்டென்று வந்து போனது. முதல் காதுக்குப் பிள்ளை அழுதாள். இரண்டாவது காதுக்கு நானும் அழுதேன்.